மழலையர் பள்ளிக்குப் புதிதாக வந்த டீச்சருக்கு: விளையாட்டை வைத்தே நாளை நடத்துவது எப்படி

காரைக்குடி, தேவகோட்டை, கோட்டையூர், பள்ளத்தூர், புதுவயல் என்று நம் பக்கத்து ஊர்களில் சின்னச் சின்ன பிளே ஸ்கூல்கள் வந்துவிட்டன. சில ஊர்களில் பூட்டிக் கிடந்த பெரிய வீட்டின் முகப்பும் பட்டாலை என்னும் கூடமுமே வகுப்பறை ஆகியிருக்கின்றன. டிகிரி முடித்த பெண்களும், கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவர்களும் அங்கே டீச்சராகச் சேர்கிறார்கள். முதல் நாளே கையில் ஒரு சாக்பீஸைக் கொடுத்து, மூன்று வயதுப் பிள்ளைகள் இருபது பேரை முன்னால் உட்கார வைத்துவிடுகிறார்கள். அதற்கு மேல் என்ன செய்வது என்று யாரும் உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பதில்லை. அப்படி நிற்கும் டீச்சருக்காகத்தான் இதை எழுதுகிறேன். பால்வாடியில் புதிதாகச் சேர்ந்தவருக்கும், வீட்டில் பேரப் பிள்ளையை வைத்திருக்கும் ஆச்சிக்கும் இதில் முக்கால்வாசி பொருந்தும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டரை வயதிலிருந்து ஐந்து வயது வரை பிள்ளை படிப்பதே விளையாடும்போதுதான். பாடத்துக்கு நடுவே விடும் இடைவேளையாக விளையாட்டை நினைத்தால் நாள் முழுக்கப் பிள்ளைகளோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். இடம், பொருள், நேரம் மூன்றையும் நீங்கள் அமைத்துக் கொடுக்க வேண்டும். பிறகு கூர்ந்து பார்க்க வேண்டும். தேவைப்பட்டால் மட்டும் உள்ளே போக வேண்டும். மற்றதெல்லாம் இதற்குள் அடங்கிவிடும்.

இதை வெளிநாட்டுச் சரக்கு என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். ஜெர்மனியில் புரோபெல் 1837-ல் சின்னப் பிள்ளைகளுக்கென்று பள்ளி தொடங்கிப் பந்தையும் மரக்கட்டையையும் பாடப்பொருள் ஆக்கினார். 1907-ல் ரோமில் ஏழைப் பிள்ளைகளுக்காகப் பள்ளி நடத்திய மரியா மாண்டிசோரி, 1939-ல் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். இரண்டும் நமக்குக் கிடைத்த நல்ல வரவு. ஆனால் பிள்ளை வளர்வதை விளையாட்டை வைத்துப் பார்க்கும் பழக்கம் தமிழில் அதற்கு வெகு முன்பே உண்டு. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களை எடுத்துப் பாருங்கள். தலை நிமிர்ந்து ஆடும் செங்கீரை, கைகொட்டும் சப்பாணி, தளர்நடை போட்டு வரும் வருகை, நிலாவை விளையாடக் கூப்பிடும் அம்புலி என்று வரிசையாகப் போகும். ஆண்பிள்ளைக்குப் பாடினால் கடைசியில் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பிள்ளைக்கு அம்மானையும் ஊசலும். அத்தனையும் விளையாட்டு.

அரசின் நிலையும் இதுதான். 2022-ல் வந்த அடிப்படை நிலைக்கான தேசியக் கலைத்திட்டம் 3 முதல் 8 வயது வரை விளையாட்டு வழியே கற்பிக்கச் சொல்கிறது. நம் அங்கன்வாடிகளில் நடப்பது ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ என்ற பாடத்திட்டம். விளையாட விட்டால் பெற்றோர் சண்டைக்கு வருவார்கள் என்று உங்கள் தாளாளர் தயங்கினால் இவற்றை எடுத்துக் காட்டுங்கள்.

முதல் படி: இடத்தைச் சுற்றிப் பாருங்கள்

பள்ளி திறப்பதற்கு முந்தின நாள், தரையில் உட்கார்ந்து பிள்ளையின் உயரத்திலிருந்து பாருங்கள். நின்று பார்க்கும்போது கண்ணில் படாத ஆணியும் கம்பி முனையும் அப்போது தெரியும். பழைய வீடு என்றால் கூடுதல் கவனம் வேண்டும். உயரமான நிலைப்படி, கைப்பிடி இல்லாத திண்ணை, மழை பெய்தால் தண்ணீர் நிற்கும் வளவு வாசல் (நடு முற்றம்), மூடாத கிணறு எல்லாம் பெரியவர்கள் புழங்குவதற்காகக் கட்டியவை. பூப்போட்ட ஆத்தங்குடித் தரைக்கல் காய்ந்திருக்கும்போது அருமையான தரை, ஈரமானால் வழுக்கும். தண்ணீர் விளையாட்டை அதன்மேல் வைக்காதீர்கள், வெளியே மண் தரையில் வையுங்கள்.

தெருவுக்குத் தெரு ஊரணி இருக்கிற ஊர் நம்முடையது. வெளிக்கதவுக்குப் பெரியவர் கைக்கு எட்டும் உயரத்தில் தாழ்ப்பாள் போட்டாக வேண்டும். பிள்ளை மூழ்குவதற்கு ஊரணி அளவு தண்ணீர் தேவையில்லை, ஒரு வாளியின் அடித்தண்ணீரே போதும். ஆகவே விளையாடி முடித்ததும் தொட்டி, வாளி எல்லாவற்றையும் கவிழ்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

பாதுகாப்பைப் பார்த்த பிறகு இடத்தைப் பிரியுங்கள். ஒரே ஹாலில் எல்லாவற்றையும் கொட்டி வைத்தால் பிள்ளைகள் ஓடித்தான் திரிவார்கள். பாய், தாழ்வான பெஞ்சு, பழைய பெட்டி எதையாவது வைத்து நான்கு மூலையாகத் தடுத்துவிடுங்கள். ஒன்றில் செப்புச் சாமான், ஒன்றில் கட்டைகள், ஒன்றில் படப் புத்தகமும் தலையணையும், வெளியே ஒன்றில் மண்ணும் தண்ணீரும். புத்தக மூலையைக் கட்டை மூலைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம், சத்தத்தில் யாரும் உட்காரமாட்டார்கள். ஒரு மூலையில் நாலைந்து பேருக்கு மேல் சேர முடியாதபடி இடம் இருந்தால் பாதிச் சண்டை வராது.

இரண்டாம் படி: சாமான் சேர்ப்பது

பிளாஸ்டிக் பொம்மைக்குப் பணத்தைக் கொட்டும் முன் ஊருக்குள் ஒரு சுற்று வாருங்கள். பனை ஓலைக் கொட்டான் (கூடை) பெரிதும் சிறிதுமாகப் பத்து. மரச் செப்பு ஒரு செட். தச்சுப் பட்டறையில் மிஞ்சிய மரத்துண்டுகளைக் கேட்டால் கொடுப்பார்கள், உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டால் கட்டை விளையாட்டுக்கு ஆயிற்று. கொட்டாங்குச்சி, புனல், சல்லடை, பழைய சேலைத் துணி, அட்டைப் பெட்டி, வீட்டில் ஒதுக்கிவிட்ட குழிப்பணியாரச் சட்டி, எடுத்தால் வேலை செய்யாத பழைய போன். பெட்டியும் துணியும் எதுவாக வேண்டுமானாலும் ஆகும். காலையில் வீடாக இருந்த பெட்டி மத்தியானம் பஸ் ஆகிவிடும். பொத்தானை அழுத்தினால் பாடும் பொம்மைக்கு அந்த ஒரு வேலைதான் தெரியும். என்னைக் கேட்டால் அப்படிப்பட்ட ஒன்றுகூட வேண்டாம்.

இரண்டரை, மூன்று வயதுக்காரர்களுக்கு விதவிதமாகப் பத்துச் சாமான் வாங்குவதைவிட ஒரே மாதிரி மூன்று நான்கு வாங்குவது நல்லது. அந்த வயதில் அடுத்தவர் கையில் இருப்பதுதான் வேண்டும். பகிர்ந்து கொள்ளச் சொல்லி உபதேசம் செய்வதைவிட இன்னொரு சிவப்பு லாரி கையில் இருப்பது மேல்.

வேண்டாதவற்றையும் சொல்ல வேண்டும். மூன்று வயது நிறையாத பிள்ளைகள் இருக்கும் அறையில் 3 சென்டிமீட்டருக்கும் சின்னதாக எதுவும் இருக்கக் கூடாது. புளியங்கொட்டை, சோழி, கோலிக்குண்டு, பாட்டரி எல்லாம் வாய்க்கோ மூக்குக்கோ போகும். பொத்தான் மாதிரி இருக்கும் தட்டையான பாட்டரியை விழுங்கினால் சில மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். குன்றிமணியை எந்த வயதுப் பிள்ளைக்கும் கொடுக்காதீர்கள். பல்லாங்குழிக்கு அழகாக இருக்கிறது என்று வீட்டுப் பெரியவர்கள் எடுத்து வருவார்கள். அதன் பருப்பு கொடிய விஷம், மென்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து. ஆமணக்கு விதையும் அரளியும் அப்படித்தான். தோட்டத்தில் அரளி இருந்தால் விளையாடும் பக்கம் வராமல் தடுத்துவிடுங்கள்.

மண் தொட்டிக்கு ஆற்று மணலானாலும் சரி, நம் செம்மண்ணானாலும் சரி, சலித்துப் போடுங்கள். ராத்திரி சாக்குப் போட்டு மூடாவிட்டால் பூனை வந்துவிடும். விளையாடி முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுவது கட்டாயம். மண் வேண்டவே வேண்டாம் என்று மட்டும் முடிவு செய்துவிடாதீர்கள். ஈர மண்ணும் காய்ந்த மண்ணும் எப்படி வேறுபடுகின்றன, நிறைந்தது எது, குறைந்தது எது என்பதெல்லாம் கையால் அள்ளிப் பார்த்தால்தான் உறைக்கும்.

மூன்றாம் படி: நேரத்தைப் பிரிப்பது

பல பள்ளிகளில் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு மணி அடிக்கிறார்கள். பிள்ளைகள் வீடு கட்டி, யார் அம்மா யார் அப்பா என்று முடிவு செய்து, அடுப்பு மூட்டுவதற்கே பதினைந்து நிமிடம் ஆகிவிடும். சோறு கொதிக்கும்போது மணி அடித்தால் அன்றைய விளையாட்டு அங்கேயே அறுந்துபோகிறது. தன் விருப்பப்படி விளையாடும் நேரம் ஒரே தொடர்ச்சியாக முக்கால் மணியாவது இருக்கட்டும். அரை மணிக்குக் கீழே இறக்காதீர்கள்.

ஒன்பதரைக்குத் தொடங்கிப் பன்னிரண்டரைக்கு முடியும் பள்ளி என்றால் நான் இப்படிப் போடுவேன். வந்ததும் பத்து நிமிடம் வணக்கமும் பாட்டும். உடனே வெளியே, வெயில் ஏறுவதற்குள் மண், தண்ணீர், ஓட்டம், சறுக்கு. நம் பக்கத்துச் சித்திரை வெயிலில் பத்தரைக்கு மேல் வெளியே விடுவது சரிப்படாது. தண்ணீர் குடித்து, கை கழுவி, பலகாரம். அப்புறம் உள்ளே முக்கால் மணி அல்லது ஒரு மணி நேரம் மூலை விளையாட்டு. எடுத்து வைப்பதற்குத் தனியாகப் பத்து நிமிடம். கடைசியில் வட்டமாக உட்கார்ந்து ஒரு கதை. அவ்வளவுதான் நாள்.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்ன கணக்குப்படி, 3, 4 வயதுப் பிள்ளை ஒரு நாளில் 180 நிமிடமாவது உடம்பை அசைக்க வேண்டும். அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்குகிற அளவுக்கு இருக்க வேண்டும். போன், டிவி எல்லாம் சேர்த்து ஒரு மணிக்கு மேல் கூடாது. மூன்று மணி நேரப் பள்ளியில் இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டால், மிச்ச அசைவு எங்கிருந்து வரும்?

எடுத்து வைக்கும் பத்து நிமிடத்தை வேலையாக நினைக்காதீர்கள். ஒவ்வொரு கொட்டானிலும் அதில் போட வேண்டிய பொருளின் படத்தை ஒட்டிவிடுங்கள். மூடி மூடிக்கொட்டானுக்கு, கட்டை கட்டைக்கொட்டானுக்கு என்று பிரிப்பது கணக்குப் பாடத்தின் முதல் பாடம், இனம் பிரித்தல். அதை நீங்களே வேகமாக முடித்துவிட்டால் ஒரு பாடத்தைப் பறித்துக்கொண்ட மாதிரி.

ஆண்டு விழாவுக்காக இரண்டு மாதம் ஒத்திகை என்று விளையாட்டு நேரத்தை எடுத்துக்கொள்ளும் வழக்கத்தை எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. புதிதாகச் சேர்ந்தவர் அதைத் தடுக்க முடியாது, தெரியும். காலை நேர வெளி விளையாட்டையாவது விட்டுக்கொடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: அழுகிற முதல் வாரங்கள்

ஜூன் மாதத்தில் பாதிப் பேர் அழுவார்கள். வாசலில் அம்மா நைசாக நழுவிப் போக உதவி செய்யாதீர்கள். திரும்பிப் பார்த்தால் அம்மா இல்லை என்ற பயம் ஒரு தடவை வந்துவிட்டால் மறுநாள் பிள்ளை சேலையை விடாது. “அம்மா போயிட்டுக் கதை முடிஞ்சதும் வருவேன்” என்று சொல்லிவிட்டே போகட்டும், சொன்ன நேரத்துக்கு வரட்டும். மூன்று வயதுக்குக் கடிகாரம் தெரியாது, ஆனால் பலகாரத்துக்கு அப்புறம் விளையாட்டு, விளையாட்டுக்கு அப்புறம் கதை என்ற வரிசை சீக்கிரம் பிடிபடும். அழும் பிள்ளையின் கையில் ஒரு தண்ணீர்க் குவளையும் ஒரு கொட்டாங்குச்சியும் கொடுத்துப் பக்கத்தில் உட்காருங்கள். தண்ணீரை ஊற்றி ஊற்றி அமைதியாகிற பிள்ளைகள் நிறைய.

ஐந்தாம் படி: பார்க்கக் கற்றுக்கொள்வது

இதுதான் இந்த வேலையின் சாரம். பெரும்பாலான புது டீச்சர்கள் விட்டுவிடுவதும் இதைத்தான்.

அமெரிக்காவில் மில்ட்ரெட் பார்ட்டன் என்பவர் மழலையர் பள்ளிப் பிள்ளைகளைக் கவனித்து 1932-ல் வெளியிட்ட ஆய்வு இன்றைக்கும் உதவுகிறது. பிள்ளை முதலில் தனியாக விளையாடும். பிறகு மற்றவர் விளையாடுவதை ஓரமாக நின்று பார்க்கும். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, ஆனால் சேராமல், அதே விளையாட்டைத் தானும் விளையாடும். பிறகு சாமானைக் கொடுத்து வாங்கிப் பேசிக்கொள்ளும். கடைசியாக, நீ கடைக்காரர், நான் வாங்க வந்தவர் என்று வேலை பிரித்துக்கொண்டு சேர்ந்து ஆடும். வயது கூடக் கூடச் சேர்ந்து ஆடுவது கூடும், ஆனால் நாலரை வயதுப் பிள்ளையும் சில நாள் தனியாக ஆடத்தான் செய்யும். அதில் தப்பு ஒன்றுமில்லை.

நான் பார்த்த ஒரு காலை விளையாட்டைச் சொல்கிறேன். பட்டாலைத் தூணுக்குப் பக்கத்தில் நாலு வயதுப் பெண் குழிப்பணியாரச் சட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏழு குழி. ஈரச் செம்மண்ணை உருட்டி ஒரு குழிக்கு ஒன்றாகப் போட்டாள். ஒரு குழி காலியாக இருந்தது. சட்டியை உற்றுப் பார்த்தவள் எழுந்து போய் இன்னொரு உருண்டைக்கு மட்டும் மண் எடுத்து வந்தாள். எதிரே ஒரு பையன் வந்து உட்கார்ந்தான்.

“பணியாரம் எவ்வளவு?”

“அஞ்சு ரூவா. சுடச்சுட இருக்கு, ஊதித் தின்னு.”

அவன் பாட்டில் மூடி மூன்றை நீட்டினான். “அஞ்சு கேட்டேன்ல?” என்றாள். அவன் கொட்டானுக்குப் போய், கையில் இருந்த மூன்றையும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, இரண்டு மூடியை எடுத்து வந்தான். தூணுக்குப் பின்னால் இன்னொரு பெண், பள்ளியில் வாயே திறக்காத பிள்ளை, இத்தனையையும் பார்த்துக்கொண்டே நின்றாள். மறுநாள் அவளாகவே வந்து எச்சில் தட்டு கழுவும் வேலையை எடுத்துக்கொண்டாள். யாரும் கூப்பிடவில்லை.

இதில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். குழிக்கு ஒன்று என்பது ஒன்றுக்கொன்று பொருத்துதல், எண்ணுவதற்கு அடித்தளம். காலிக் குழிக்கு ஒன்று மட்டும் எடுத்து வந்தது பூஜ்யமும் ஒன்றும். மூன்றிலிருந்து ஐந்துக்கு இரண்டு வேண்டும் என்று கண்டது கூட்டல். “ஊதித் தின்னு” என்றது வீட்டில் கேட்ட பேச்சை இடமறிந்து எடுத்துப் போட்ட மொழி. கடைக்காரி வேஷத்தில் இருப்பதால் சட்டியை யாருக்கும் விட்டுக்கொடுக்காமல், அழாமல், விலை பேசியது சுயகட்டுப்பாடு. ஓரமாக நின்று பார்த்தவளும் அன்று சும்மா இருக்கவில்லை, எப்படிச் சேர்வது என்று படித்துக்கொண்டிருந்தாள். அவள் கையைப் பிடித்து நடுவில் உட்கார வைத்திருந்தால் மறுநாள் வந்திருப்பாளா என்பது சந்தேகம்தான்.

ஆகவே ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு மூன்று பிள்ளைகளைப் பற்றி மட்டும் இரண்டு வரி எழுதினால் போதும். நல்லவன், வாலு, சமர்த்து என்ற மாதிரி எழுதாதீர்கள். என்ன செய்தான், என்ன சொன்னான் என்று எழுதுங்கள். ஒரு மாதம் கழித்துப் புரட்டினால் யார் எந்த மூலைக்கே போவதில்லை, யார் யாரோடு சேர்கிறார்கள் என்பது தானாகத் தெரியும்.

ஊரில் நடப்பதெல்லாம் விளையாட்டுக்குள் வரும், அதற்கும் தயாராக இருங்கள். தைப்பூசம் வந்தால் காவடி. குன்றக்குடிக்கும் பழனிக்கும் நடப்பவர்களை வீட்டு வாசலில் பார்த்த பிள்ளை, மறுநாள் குச்சியைத் தோளில் வைத்துக்கொண்டு வரிசையாக நடக்கும். கோயில் தேர் ஓடினால் அட்டைப் பெட்டியில் கயிறு கட்டித் தேர் இழுக்கும். கயிற்றையும் காகிதப் பூவையும் அந்த வாரம் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். யாராவது ஒருவர் வீட்டில் துக்கம் நடந்திருந்தால் அதையும் பிள்ளை விளையாடும். பதறி நிறுத்த வேண்டாம், பிள்ளை அதை அப்படித்தான் விளங்கிக்கொள்கிறது.

ஆறாம் படி: எப்போது உள்ளே போவது

ஆபத்து என்றால் உடனே. விளையாட்டு ஒரே இடத்தில் முட்டி நின்றுவிட்டால் மெதுவாக. மற்ற நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள்.

போனால் டீச்சராகப் போகாதீர்கள், விளையாட்டில் ஓர் ஆளாகப் போங்கள். பணியாரக் கடையில் போய் “இது என்ன கலர்? எத்தனை இருக்கு, எண்ணு பார்ப்போம்” என்று கேட்டால் கடை மூடிவிடும். “எங்க வீட்டுக்கு விருந்தாளி நாலு பேர் வந்திருக்காங்க, ஆளுக்கு ரெண்டு வேணுமே” என்று சொல்லிப் பாருங்கள். எண்ணாமல் முடியாது, ஆனால் எண்ணச் சொன்னது யாருமில்லை. பிள்ளைக்குத் தானாகச் செய்ய வருவதைவிட ஒரு படி மட்டும் மேலே இருக்கிற கேள்வியாக அது இருக்க வேண்டும். ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி பெரியவரின் துணை எங்கே பயன்படும் என்று காட்டியது அந்த ஒரு படியைத்தான்.

பிள்ளை பேசும் தமிழிலேயே நீங்களும் பேசுங்கள். விளையாட்டுக்குள் புகுந்து “ஸ்பீக் இன் இங்கிலீஷ்” என்றால் நாலு வரி பேசிக்கொண்டிருந்த பிள்ளை ஒரு சொல்லோடு நிறுத்திவிடும். 2020-ன் தேசியக் கல்விக் கொள்கையே முடிந்தவரை ஐந்தாம் வகுப்பு வரையாவது வீட்டு மொழியில் கற்பிக்கச் சொல்கிறது. ஆங்கிலப் பாட்டு பாடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. விளையாட்டின் மொழியில் கை வைக்காதீர்கள்.

ஏழாம் படி: எண்ணும் எழுத்தும் எங்கே?

எல்லாரும் கேட்கப்போகும் கேள்வி இது.

எண்ணை எடுத்துக்கொள்வோம். ஒன்று முதல் இருபது வரை மூச்சு விடாமல் ஒப்பிக்கும் மூன்று வயதுப் பிள்ளையிடம் ஐந்து கட்டையை எண்ணச் சொல்லிவிட்டு, “மொத்தம் எத்தனை?” என்று கேளுங்கள். பல பேர் மறுபடியும் முதலிலிருந்து எண்ணத் தொடங்குவார்கள். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது இன்னும் பிடிபடவில்லை. அது நாலு வயதை ஒட்டித்தான் பிடிபடும், எண்ணிப் புழங்கிப் புழங்கித்தான் பிடிபடும். இரண்டு வரிசையில் சமமாகக் கட்டை வைத்து ஒரு வரிசையை மட்டும் அகலமாகப் பரப்பினால் அதில்தான் அதிகம் என்று ஐந்து வயதுப் பிள்ளையும் சொல்லும். சுவிஸ் உளவியலாளர் பியாஜே காட்டிய சோதனை இது. தப்பு என்று திருத்திப் பயனில்லை. நாலு வயதுக்கு மேல், பக்கத்தில் பெரியவர் இருக்கும்போது, பதினான்கு குழிப் பல்லாங்குழியில் புளியங்கொட்டை போட்டு விளையாட விடுங்கள். குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போவதற்கு இதைவிட நல்ல சாமான் கிடைக்காது.

காலடியில் இருக்கும் தரையையும் விட்டுவிடாதீர்கள். ஆத்தங்குடிக் கல்லில் ஓரக் கல்லுக்கு ஒரு பூ, நடுக் கல்லுக்கு ஒரு பூ. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்துக் கையால் நிறம் ஊற்றிச் செய்வதால் ஒரே பூ இரண்டு கல்லில் அச்சுக் குத்தினாற்போல் இருக்காது, கொஞ்சம் வித்தியாசப்படும். சிவப்பில் மட்டும் மிதித்துப் போ, ஓரக் கல்லை விட்டு இறங்காமல் அறையைச் சுற்றி வா, நாலு கல் சேர்ந்தால்தான் முழுப் பூ வரும் இடத்தைக் கண்டுபிடி என்று சொல்லிப் பாருங்கள். இதழை விரலால் தடவிக்கொண்டே போகும் பிள்ளை, அமைப்பு திரும்பத் திரும்ப வருவதைக் கண்டுபிடிக்கிறது. கலர் காகிதத்தைப் பட்டையாக வெட்டி, கொட்டான் பின்னுவது மாதிரி ஒன்று மேலே ஒன்று கீழே என்று ஐந்து வயதுக்காரர்களைப் பின்ன வைக்கலாம். கணக்கும் ஆயிற்று, விரலுக்கும் வேலை ஆயிற்று.

எழுத்து. மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை எலும்பாகவே இருப்பதில்லை, குருத்தாகத்தான் இருக்கும். ஒவ்வொன்றாக மெல்ல இறுகி, எட்டும் எலும்பாவதற்குப் பிள்ளை ஒன்றாம் வகுப்பைத் தாண்டியிருக்கும். விரல் தசைகளும் அப்படித்தான் மெல்ல வலுக்கும். பொதுவாகப் பார்த்தால் மூன்று வயதில் வட்டம் போட வரும், நாலில் கூட்டல் குறி, நாலரையை ஒட்டிச் சதுரம், ஐந்தில் முக்கோணம். வட்டமே ஒழுங்காக வராத கையில் பென்சிலைத் திணித்து நாலு கோட்டு நோட்டில் ‘அ’ போடச் சொன்னால் என்ன நடக்கும்? பிள்ளை பென்சிலை முஷ்டியால் பிடித்து, தோளிலிருந்து எழுதும். அந்தப் பிடி பழகிவிட்டால் பின்னால் மாற்றுவது பெரும்பாடு.

எழுதத் தயாராவதற்கு வேறு வேலைகள் இருக்கின்றன. ஈரத் துணியைப் பிழிவது, மாவு பிசைவது, களிமண்ணை உருட்டுவது, கொடியில் துணிக்கு கிளிப் போடுவது, பட்டாணி உரிப்பது. சுவரில் மாட்டிய கரும்பலகையில் நின்றுகொண்டு பெரிதாகக் கிறுக்குவது தோளுக்கும் மணிக்கட்டுக்கும் நல்லது. மணலில் விரலால் கோலம், நாலு புள்ளி வைத்து வளைத்துப் பார்ப்பது. தமிழ் எழுத்தில் சுழியும் வளைவும் அதிகம், ஆகவே கோலம் போட்ட கைக்கு அது சீக்கிரம் வரும். கை தயாரான பிறகு, ட, ப என்று நேர்க்கோட்டு எழுத்திலிருந்து தொடங்கலாம்.

படிப்பதற்குக் காது தயாராக வேண்டும். ஊர்ப் பெயருக்குக் கை தட்டுவது எங்கள் பிள்ளைகளுக்கு உயிர். கா-ரைக்-கு-டி, நாலு தட்டு. தே-வ-கோட்-டை, அதுவும் நாலு. அவரவர் பெயருக்கு எத்தனை தட்டு என்று பார்க்கலாம். விடுகதை, சாய்ந்தாடம்மா, கைவீசம்மா, குலைகுலையாய் முந்திரிக்காய் எல்லாம் ஒலியைப் பிரித்துக் கேட்கப் பழக்கும். ‘சிலை’ விளையாட்டில் பாட்டு நின்றதும் அசையாமல் நிற்பது பிள்ளைக்குப் பெரிய சாதனை. ஆசையை அடக்கி ஒரு நொடி நிற்கத் தெரிந்த பிள்ளைக்கு வகுப்பில் உட்கார்ந்து கவனிப்பதும் வரும்.

எட்டாம் படி: சண்டை வந்தால்

இருவருக்கும் நடுவில் தரையில் உட்காருங்கள். சாமானை உங்கள் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். “உனக்கும் லாரி வேணும், அவனுக்கும் வேணும். இருக்கறது ஒண்ணு. என்ன பண்ணலாம்?” என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். நாலு வயதுக்காரர்கள் பாதித் தடவை அவர்களே வழி சொல்லிவிடுவார்கள். கட்டாயப்படுத்தி சாரி சொல்ல வைப்பதால் யாரும் எதையும் கற்பதில்லை. அடித்தவனைத் தனியாக நிறுத்தி வைப்பதற்குப் பதிலாக, அடி வாங்கியவனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கச் சொல்லலாம்.

ஒன்பதாம் படி: வீட்டாருக்குச் சொல்வது

வாசலில் பேரனை அழைத்துப் போக வரும் ஆச்சி கேட்கப்போகும் முதல் கேள்வி, “இன்னைக்கு என்ன எழுதுனான்?” என்பதுதான். “சும்மா விளையாடினான் ஆச்சி” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நோட்டைப் பார்த்து ஒன்றைச் சொல்லுங்கள். “இன்னைக்குக் கடை வெச்சு வெலை பேசுனான் ஆச்சி. மூணு காசு பத்தலைன்னு ரெண்டு எடுத்துட்டு வந்தான். கூட்டல் கணக்குத்தான் அது.” அன்றைக்கு ஆச்சியின் முகத்தைப் பாருங்கள். அவருக்குப் பல்லாங்குழியும் சொட்டாங்கல்லும் உங்களைவிட நன்றாகவே தெரியும். வாரத்தில் ஒரு நாள் பள்ளிக்கு வந்து ஒரு கதையோ விளையாட்டோ சொல்லித்தரக் கூப்பிடுங்கள்.

அப்பா அம்மாக்களுக்கு இது போதாது, பக்கத்துப் பள்ளியில் நோட்டு நிறைய ஏ பி சி டி எழுதுகிறார்களே என்பார்கள். முதல் பெற்றோர் கூட்டத்தில் பேச்சைக் குறைத்து, அவர்களைத் தரையில் உட்கார வைத்துப் பிள்ளையோடு கட்டை அடுக்கச் சொல்லுங்கள். இருபது நிமிடம் கழித்து, பிள்ளை என்னென்ன செய்தது என்று கேளுங்கள். பிள்ளை எவ்வளவு யோசிக்கிறது என்பதை அவர்களே கண்ணால் பார்த்திருப்பார்கள்.

கவலைப்பட வேண்டிய அறிகுறிகள்

பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத, கண்ணைப் பார்க்காத, மூன்று வயதாகியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசாத, பாவனை விளையாட்டே விளையாடாத பிள்ளை உங்கள் வகுப்பில் இருக்கலாம். லாரியை ஓட்டாமல் அதன் சக்கரத்தை மட்டும் மணிக்கணக்காகச் சுற்றிக்கொண்டிருக்கலாம். விளையாட்டைக் கவனிக்கிற டீச்சர்தான் இதை முதலில் பார்ப்பார். நோய்ப் பெயர் எதையும் நீங்கள் சொல்லாதீர்கள், அது டாக்டர் வேலை. நோட்டில் எழுதியதை மட்டும் பெற்றோரிடம் தனியாகச் சொல்லுங்கள். காது சரியாகக் கேட்கிறதா என்று பார்ப்பதிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை வந்து பரிசோதிக்கிறது. தனியார் பள்ளிப் பிள்ளையையும் பக்கத்து அங்கன்வாடிக்கு அந்த நாளில் அழைத்துப் போகலாமா என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள், அல்லது நேரே அரசு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்கு அனுப்புங்கள். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். இந்த வயதில் தொடங்கும் பயிற்சிக்குக் கிடைக்கும் பலன் பின்னால் கிடைப்பது கஷ்டம். பெற்றோர் முதலில் கோபப்பட்டாலும் ஒரு வாரம் விட்டு மறுபடி சொல்லுங்கள், டாக்டரிடம் போகும்போது உங்கள் நோட்டின் அந்தப் பக்கங்களை நகலெடுத்துக் கையில் கொடுத்து அனுப்புங்கள்.